பனிக்குடிலும் மின்னளவையும்

வட அமெரிக்காவின் நடுப்பகுதியிலே, கனடா நாட்டெல்லையை ஒட்டிக் கிடக்கும் மினசோற்றா மாநிலத்தில், மாரிக்காலம் முதிர்ந்ததும் ஏரிகளெல்லாம் தரையாகிவிடுகின்றன. உறைந்த நீர் நாலங்குலத் தடிப்புள்ள தெளிந்த பனிக்கட்டியானால் ஒருவர் அதன்மீது நடக்கலாம் என்பது அம்மாநில இயற்கைவளத் திணைக்களத்தார் கூறும் அறிவுரை. ஓரடிக்கு மேல் தடித்துவிட்டதாயின் மோட்டார் வண்டிகளே ஏரிமேல் ஓடத் தொடங்கும். அவ்வண்டிகள் தம் பின்னே இழுத்துச் செல்வன சின்னஞ்சிறு வீடுகள். உருளைகள் பூட்டிய அவ்வீடு, இடந் தேர்ந்த பின், பனித்தரையோடு படியும்படி தாழ்த்தப்படும். அதன் தளத்திலே மூடியிட்ட வட்டத் துளைகள் உள. மூடியை நீக்கி, கீழுள்ள பனிக்கட்டியைத் துறப்பணத்தாற் குடைந்து, தூண்டிலை இறக்கிக்கொண்டு உள்ளேயே இருந்துவிடலாம். மில் லாக்சு ஏரியிலும், ‘காடுகளின் ஏரி’ எனப் பெயரிய எல்லைப்புறப் பேரேரியிலும் இத்தகைய குடில்கள் ஓர் ஊர்போல நிரைநிரையாய் எழுவதுண்டு. கனடாவிலே, நம்மவர் பெருந்தொகையினராய் வாழும் ரொறன்ரோ நகருக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரியிலும் பனிமேல் மீன்பிடிக்கும் குடில்களைக் காணலாம்.

இவ்வேட்டை பெரிதும் இராப்பொழுதை நாடுவது. மினசோற்றாக்காரர் மிக விரும்பும் ‘வோல்ஐ’ என்னும் மீனின் கண்ணுள் ஒளியைத் திருப்பி வீசும் படலம் ஒன்று உண்டு. மங்கலொளியில் இரையைக் காணும் ஆற்றல் அதனால் அதற்கு மிகுதி. அந்தியிலும் வைகறையிலும் இரை தேடுவது அதன் வழக்கம். மீனின் ஒழுக்கத்துக்கேற்ப மனிதரும் இரவிலே தங்க வேண்டியவராகின்றனர். வெளியே பூச்சியத்தின் கீழ் 20 அல்லது 30 பாகை சென்றிகிறேட்டுக் குளிர். உள்ளே புரொப்பேன் வாயுவால் எரியும் உலை. வாயு உள்ளவரை வெப்பமும் உண்டு என்று நினைத்தல் இயல்பே. உண்மை அதுவன்று. உலையின் வெப்பத்தை அறைக்குள் ஊதும் விசிறி மின்னால் ஓடுவது. நெருப்பை மூட்டும் பொறியும், வாயுவைத் திறந்து மூடும் வால்வும் மின்னால் இயங்குவன. விளக்கு, மீன் வரவைக் காட்டும் ஒலியலைக் கருவி, நச்சுவாயு எச்சரிக்கைமணி ஆகியனவும் அவ்வாறே. (மின் வேண்டாத சிறு வெப்பமூட்டிகளும் உள, அவற்றோடு கூடாரத்தில் தங்குவோர் இக்கவலையிற் பாதியை அறியார்.) அருகே மின்கம்பம் இல்லை. கரையோ தொலைவில் உள்ளது. அனைத்துக்கும் ஆதாரம் 12 உவோற்று மின்கலவடுக்கு ஒன்றே. அதில் இன்னும் எவ்வளவு மீதியுண்டு? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுவது.

மின்கலவடுக்கு என்னும் சொல்லைப் பற்றி முதற்கண் இரண்டொரு வார்த்தை. ஆங்கிலேயர் வழங்கும் ‘பற்றரி’ என்பது பீரங்கி நிரையைக் குறித்த சொல். பெஞ்சமின் பிராங்கிளின் 1749ஆம் ஆண்டளவில், மின்னைத் தேக்கும் கண்ணாடிச் சாடிகள் பலவற்றை ஒன்றாய் இணைத்து, அத்தொகுதிக்கு அப்பெயரை வழங்கினார். போர்க்களத்துச் சொல் அங்ஙனம் ஆய்வுகூடத்துட் புகுந்தது. 1800இல் இத்தாலியரான உவோற்றா என்பார், இருவேறு உலோகத் தட்டுகளை உப்புநீரில் நனைத்த அட்டைகளோடு ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி இடையறா மின்னோட்டம் பெற்றார். நம் கலைச்சொல்லாளர் ‘அடுக்கு’ என்றது, பீரங்கியை விடுத்து உவோற்றாவின் தட்டுகளை நினைவூட்டுகின்றது. மொழிபெயர்ப்பு மூலத்தினும் பொருத்தமாய் அமைந்த இடங்களுள் இதுவும் ஒன்றென்பேன்.

இனி மீதியின் கதைக்கு வருவோம். தருக்க நூலார் ஒரு பொருளை அறிதற்குரிய கருவியை ‘அளவை’ என்பர். நாழியும் முழமும் அளவையே. காட்சியும் கருதலும் அளவையே. எண்ணெய் விளக்கில் எண்ணெய் எவ்வளவு உண்டென்பது காட்சியளவையாற் பெறப்படும். எட்டிப் பார்த்தாற் போதும். புரொப்பேன் உருளையை நிறுத்துப் பார்க்கலாம். மின்கலவடுக்கோ நிறைந்திருந்தாலும் வெறிதாயினும் ஒரே நிறையும் ஒரே தோற்றமும் உடையது. அதன் இருப்புக் கருதலளவையால் மாத்திரமே அறியற்பாலது. புகையைக் கண்டு நெருப்புண்டெனத் துணிவதுபோல, புறத்தே தோன்றும் ஓர் ஏதுவைக் கொண்டு அகத்தே மறைந்துள்ளதைத் துணிய வேண்டும். ஏது மெய்யாயின் துணிவும் மெய்யாகும். அது ஏதுப்போலியாயின், அத்துணிவை நம்பி நள்ளிரவில் நடுவேரியிற் கிடப்பவன் பாடு இரங்கத்தக்கதே.

மிகப் பழகிய ஏது மின்னழுத்தம். ஈயவமில மின்கலவடுக்கு ஒன்றினை நிறைய ஏற்றி, ஒன்றும் இணைக்காது சில மணிநேரம் ஓய்வில் விட்டு அளந்தால், 12.7 உவோற்று அளவு காட்டும். அரைவாசி செலவானபின் ஏறத்தாழ 12.2, முற்றத் தீருங்காலத்து 11.9 அளவில் நிற்கும். நிறைவுக்கும் வறுமைக்கும் இடைப்பட்ட தொலைவு ஓர் உவோற்றினும் குறைவு என்பதைக் கவனிக்குக. இச்சிறு இடைவெளியை மூன்று நான்கு விளக்குப் பொட்டுகளாற் காட்டும் பலகைகள் பல குடில்களில் உள. அவற்றாற் பெறும் பயன் சொற்பம்.

அந்த எண்களும் ஓய்விலேதான் உண்மை. இரவிலே குடிலில் ஓய்வு ஏது? உலைவிசிறி சுழலத் தொடங்கியதும் அழுத்தம் விழும். அது நின்றதும் மீண்டும் எழும். மின்னாக்கியை ஓட்டி ஏற்றிய உடனே பார்த்தால், தட்டுகளின் மேற்பரப்பில் மாத்திரம் நிற்கும் ஏற்றம் 13 உவோற்றளவு காட்டி, நிறைந்துவிட்டதென்று மயக்கும். மாலை ஆறு மணிக்கு அவ்வெண்ணைக் கண்டு மகிழ்ந்தவர் பின்னிரவு மூன்று மணிக்குக் குளிரால் விழிப்பார். இதன் மறுதலையும் உண்டு. குளிர் ஏற ஏறக் கலத்தின் உட்டடை மிகுமாதலால், சுமையின்கீழ் அழுத்தம் பின்னுந் தாழ்ந்து, இருப்பு இருக்கும்போதே இல்லையெனக் காட்டும். இல்லாததை உண்டென்றும் உள்ளதை இல்லையென்றும் உரைக்கும் சாட்சியை எந்த நீதிமன்றந்தான் ஏற்கும்?

இதனினும் நம்பத்தக்க சாட்சி கலத்தின் உள்ளேயே உண்டு. 1859இல் பிரான்சு நாட்டுப் பிளான்றே அமைத்த ஈயவமிலக் கலத்தின் வழிவந்தனவே இன்றைய ஈயக்கலங்கள். அவற்றில் ஒரு தட்டு ஈயம், மற்றையது ஈயவீரொட்சைட்டு, இரண்டும் மூழ்கியிருப்பது நீர் கலந்த கந்தகவமிலத்தில். மின் செலவாகுந்தோறும் அமிலம் இரு தட்டுகளிலும் சேர்ந்து ஈயச்சல்பேற்றாகின்றது. நீர் புதிதாய்த் தோன்றுகின்றது. எனவே, செலவு மிக மிக உள்ளிருக்கும் திரவம் காரம் குன்றி நீராகிக்கொண்டே போகும். நீரோடு ஒப்பிட்ட அதன் அடர்த்தி, அதாவது தன்னீர்ப்பு, நிறைவிலே 1.265 அளவாகவும் தீர்ந்த நிலையில் 1.12 அளவாகவும் இருக்கும். கண்ணாடிக் குழாயாற் சிறிது திரவத்தை உறிஞ்சி, அதனுள்ளே மிதவை எவ்வளவு அமிழ்கின்றதெனப் பார்த்தால் இருப்பு விளங்கிவிடும். வெப்பநிலைக்கேற்பத் திருத்தஞ் செய்தல் வேண்டும்; ஆறு கலங்களையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும். பட்டறையிலே செய்தற்கு உகந்த முறை இது. பனிக்காற்றிடையே, கைவிளக்கொளியில், அமிலம் தெறிக்குமோ என அஞ்சிக்கொண்டு செய்தற்கு உகந்ததன்று. மூடி முத்திரையிட்ட கலங்களில் அது இயலவே இயலாது.

ஆயினும் அம்மிதவை உணர்த்தும் உண்மையொன்று பனியேரியிலே பெரிதாகின்றது. நிறைந்த கலத்தின் திரவம் பூச்சியத்தின் கீழ் 55 பாகைக்கும் அப்பாலேதான் உறையும். மினசோற்றாவின் தவர் என்னும் ஊரருகே 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் பதிவான மாநிலத்தின் கடுங்குளிர்கூடப் பூச்சியத்தின் கீழ் 51 பாகைதான். ஆகவே நிறைந்த கலத்துக்கு அங்கே அச்சமில்லை. தீர்ந்த கலமோ, நீரே மிக்கிருத்தலின், பூச்சியத்தின் கீழ் 10 பாகையளவிலேயே உறைந்துவிடும். அது அங்கே சாதாரண மாரியிரவொன்றின் குளிர். உறையும் நீர் விரிந்து தட்டுகளை நெரிக்கும், ஓட்டைப் பிளக்கும். உறைந்த கலத்துக்கு மின்னேற்ற முயல்தல் பேராபத்தாகும். மீதியை அறிதல், விளக்கு அணையுமா என்ற கேள்வியோடு முடியவில்லை. கலம் மறுநாள் கலமாக இருக்குமா என்பதும் அதைப் பொறுத்ததே.

இருப்பை அளக்குமுன் கொள்கலத்தின் பருமனை அறிய வேண்டும் அன்றோ? கலத்தின் நெற்றியிலே 100 அம்பியர்மணி என்று எழுதியிருக்கும். 5 அம்பியரை 20 மணிநேரந் தரும் என்பது அதன் பொருள். 25 அம்பியர் எடுத்தால் 4 மணிநேரம் தர வேண்டும் எனக் கணக்குச் சொல்லும், கலம் தராது. விரைந்து எடுப்பவருக்குக் குறைத்துக் கொடுக்கும் இவ்வியல்பை 1897இல் விதியாக்கியவர் செருமானியரான பியூக்கேற்று என்பவர். அன்றியும், நெற்றியெழுத்து இதமான வெப்பநிலைக்கு உரியது. பூச்சியத்தின் கீழ் 18 பாகையில் ஈயக்கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். அரைவாசிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குன்றும் என்பதனாற் கவனமுடையோர் அப்பாதியிலும் பாதியையே செலவிடுவர். நூறென்று விலைகொடுத்து வாங்கியது பனியிலே இருபத்தைந்தாய்ச் சுருங்கும் விந்தை இது.

ஓரிரவின் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உலைவிசிறி ஓடும்போது 6 அம்பியர் கொள்வதாகவும், மணிக்கு 30 நிமிடம் ஓடுவதாகவும் வைத்துக்கொண்டால், 12 மணிநேரத்துக்கு 36 அம்பியர்மணி. விளக்குகளுக்கு 1 அம்பியர் வீதம் 5 மணிநேரத்துக்கு 5. ஒலியலைக் கருவி, எச்சரிக்கைமணி முதலியவற்றுக்கு 4 எனக் கொள்வோம். ஆகமொத்தம் 45. கலத்தைக் குடிலுள்ளே இதமான வெப்பத்தில் வைத்திருந்தால், நூறிற் பாதியான 50 கிடைக்கும். விடியும்வரை மட்டுமட்டாகப் போதும். வெளியே இழுவைத்தண்டின்மேற் பனியில் விட்டிருந்தாற் போதாது. உள்ளே வைப்பதற்கும் நிபந்தனை உண்டு. திறந்த வகை ஈயக்கலம் மின்னேறும்போது ஐதரசன் வாயுவை விடுவதால், வெளிக்காற்றோடு தொடர்புள்ள பெட்டியிலன்றி அதனை வைத்தல் கூடாது. இக்கணக்கினாற் பெறப்படும் மற்றொன்று, செலவிற் பெரும்பங்கு விசிறியினுடையது என்பது. விளக்கை அணைத்துச் சிக்கனம் பார்ப்பவர், சுவரிடுக்கிற் புகும் குளிர்காற்றை அடைத்திருந்தால் அதனினும் பலமடங்கு மிச்சப்படுத்தியிருப்பார்.

அழுத்தம் பொய்க்குமாயின், மிதவை வாய்க்காதாயின், எஞ்சிய வழி வரவு செலவுக் கணக்கெழுதுதலே. அதற்கெனக் கலத்தின் மறைமுனையிலிருந்து புறப்படும் கம்பியின் இடையே, ‘சன்ட்’ எனப்படும் தடித்த உலோகத் துண்டு ஒன்றைப் பொருத்துவர். அதன் தடை மிகமிகச் சிறிது. பெருவழக்கான வகையொன்றில் 500 அம்பியர் ஓடினால் இரு நுனிகளுக்கும் இடையே 50 மில்லியுவோற்று வேறுபாடு தோன்றும். அதாவது தடை ஓர் ஓமின் பதினாயிரத்தில் ஒரு பங்கு. நமது உலைவிசிறியின் 6 அம்பியர் ஓடுங்கால் தோன்றுவது 0.6 மில்லியுவோற்று. இந்நுண்ணிய வேறுபாட்டை ஓயாது அளந்து, ஓமின் விதிப்படி அதனை ஓட்டமாக மாற்றி, காலத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே இருத்தல் கணக்குக்கருவியின் தொழில். ஓர் அம்பியர் ஒரு மணிநேரம் ஓடினால் 3600 கூலோம். உட்செல்வது கூட்டப்படும், வெளிவருவது கழிக்கப்படும். பரடே 1833, 1834ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட மின்பகுப்பு விதிகளின்படி, மின்னால் மாற்றமுறும் பொருளின் அளவு ஓடிய மின்னின் அளவுக்கு நேர்விகிதத்தில் அமையும். ஆதலின் மின்னை எண்ணுதல், கலத்துள் மாறிய ஈயத்தையும் அமிலத்தையும் எண்ணுதலே ஆகும். புகைக்கும் நெருப்புக்கும் தருக்க நூலார் கூறும் விடாத் தொடர்பு இங்கே கிடைக்கின்றது.

எனினும் கணக்கப்பிள்ளையின் கண்ணிற் படாத செலவு ஏட்டில் ஏறாது. ஏதேனும் ஒரு கருவியின் மறைக்கம்பியைச் சன்டின் ஊடாக விடாது நேரே கலத்தின் முனையிற் கட்டிவிட்டால், அக்கருவி உண்பதெல்லாம் கணக்குக்குப் புறம்பே. குடில் கட்டி முடிந்தபின் ஒரு விளக்கையோ நீரடிப் படக்கருவியையோ புதிதாகச் சேர்ப்போர் இதில் வழுவுதல் எளிது. கொள்ளளவையும் கருவிக்கு நாமே சொல்லவேண்டும். பழைய கலம் 70 ஆகத் தேய்ந்திருக்க, நெற்றியெழுத்தைப் பார்த்து 100 என்று சொன்னால், அது கடைசிவரை நூற்றுக்கே கணக்கெழுதும். ஏற்றிய மின் முழுதும் திரும்பி வருவதில்லை. தானே கசிந்து போவதும் உண்டு. இச்சிறு வழுக்கள் நாளடைவிற் சேர்ந்து பெருகும். கலம் முற்ற நிறைந்து, அழுத்தம் உயர்ந்து நிற்க, உட்செல்லும் ஓட்டம் மிகத் தாழ்ந்துவிட்ட நிலையைக் கண்டதும், கருவி பழைய ஏட்டை மூடி நூற்றுக்கு நூறெனப் புதிய ஏட்டைத் தொடங்கும். அந்நிலை வாய்க்காவிடில் திருத்தமும் வாய்க்காது. மீன்பிடிப்போர் மின்னாக்கியை மாலையில் ஓரிரு மணிநேரம் ஓட்டி நிறுத்துவர். ஈயக்கலத்தின் கடைசி ஐந்திலொரு பங்கு மெல்ல மெல்லவே நிரம்புவதாகலின், அவ்வளவில் அது நிறைவைக் காணாது. சூரியத் தகடும் டிசம்பரிற் பெரிதாய் உதவாது; அங்கு அப்போது பகல் எட்டரை மணிநேரமளவே, கதிரோ தாழ்ந்து சாய்ந்து விழுவது. வீடு திரும்பியதும் ஓரிரவு முழுதும் வீட்டு மின்னோடு இணைத்து நிறைத்துவிடுதல் கலத்துக்கும் நன்று, கணக்குக்கும் நன்று.

அண்மைக்காலத்தே ஈயத்தின் இடத்தை இலிதியம் இரும்புப் பொசுபேற்றுக் கலங்கள் பிடித்து வருகின்றன. இவ்வகைக்கு அடிகோலிய ஆய்வை 1997இல் வெளியிட்டவர்கள், தெக்சாசுப் பல்கலைக்கழகத்து யோன் குடினவ் என்பாரும் அவர்தம் குழுவினரும். இலிதியக் கலங்கள் பற்றிய பணிக்காக அவ்வறிஞர் 2019இல், தமது 97ஆம் வயதில், மற்றிருவரோடு நொபெல் பரிசு பெற்றார். இக்கலம் நிறை குறைந்தது. நூறென்றாற் பெரும்பாலும் நூற்றையும் தருவது. ஆயின் அளவைச் சிக்கல் இதில் மிகுகின்றது. நிறைவை அடுத்த நிலையிலிருந்து வறுமையை அடுத்த நிலை வரையும் இதன் அழுத்தம் 13 உவோற்றை ஒட்டியே கிடக்கும். அழுத்தமானியைப் பார்ப்பவருக்கு நூற்றுக்கு 80 உம் 40 உம் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஈயக்கலம் விளக்கை மங்க வைத்து, விசிறியைத் தளர வைத்து, போகின்றேன் என்று சொல்லிவிட்டுப் போகும். இலிதியக்கலம் சொல்லாமற் போகும். உள்ளிருக்கும் காப்புச்சுற்று, தாழ்வெல்லை வந்ததும் தொடர்பைத் துண்டித்துவிட, கணப்பொழுதிற் குடில் இருளாகிவிடும். இக்கலத்துக்குக் கணக்குக்கருவி இன்றியமையாதது.

குளிரும் இதனை வேறோர் வகையில் வருத்தும். பூச்சியத்துக்குக் கீழே இக்கலத்துக்கு மின்னேற்றலாகாது. ஏற்றினால் இலிதியம் மறைத்தட்டின் காரீயத்துள் நுழையாமல் அதன் மேலே உலோகமாய்ப் படிந்து கலத்தைக் கெடுக்கும். அதனாற் குளிர்ந்த கலத்தின் காப்புச்சுற்று ஏற்றத்தைத் தடுத்துவிடும். வெளியே மின்னாக்கி இரைந்து ஓடும், எண்ணெயும் எரியும், உள்ளே ஒரு துளி மின்னும் ஏறாது. இதனை உடனே காட்டிக்கொடுப்பது கணக்குக்கருவியின் ஓட்ட எண். அது பூச்சியத்தில் நிற்கக் கண்டால், முதலிற் கலத்தை வெப்பமூட்ட வேண்டுமென்பது தெரிந்துவிடும். ‘இயந்திரம் ஓடுகின்றது, ஆகவே மின் ஏறுகின்றது’ என்பது மற்றுமோர் ஏதுப்போலி.

ஒரு மீனுக்காக இத்துணை நுணுக்கமா என வினவுவோர் உலையின் இயல்பை நோக்குவாராக. காற்றுப் போதிய விசையோடு ஓடுகின்றதா எனப் பார்க்கும் மெல்லிய தகடொன்று அவ்வுலைகளில் உண்டு. காற்று அதனைத் தள்ளினாலன்றி வாயு திறவாது. பாதுகாப்புக்காக அமைந்த ஏற்பாடு அது. மின்னழுத்தம் 11 உவோற்றுக்கும் கீழே வீழ, விசிறி மெல்லச் சுழலும், தகடு அசையாது, நெருப்பு மூளாது. விசிறியோ நெருப்பை எதிர்பார்த்து, எஞ்சிய மின்னையும் உண்டுகொண்டு சுழன்றுகொண்டிருக்கும். உருளை நிறைய வாயு இருக்கவே குடில் குளிர்ந்து போகும். அவ்வேளையிற் சமையலடுப்பை ஏற்றிக் குளிர்காய முனைவதும், மின்னாக்கியைச் சுவரோரம் இழுத்துவந்து ஓட்டுவதும் மனிதருக்குத் தோன்றக்கூடிய எண்ணங்களே. அடைத்த குடிலுக்குள் இரண்டும் காபனோரொட்சைட்டைச் சேர்க்க வல்லன. நிறமும் மணமும் அற்ற அந்நச்சு, குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றுவது. எச்சரிக்கைமணியும் அதே மின்கலவடுக்கை நம்பியிருப்பதாயின், வேண்டப்படும் பொழுதிலேயே அது வாய்மூடிவிடும்.

ஆதலின் விவரமறிந்தோர், தனக்கெனச் சிறு கலமுடைய இரண்டாவது மணியொன்றையும் சுவரில் மாட்டிவைப்பர். கணக்குக்கருவியில், ஈயமாயின் நூற்றுக்கு 50, இலிதியமாயின் நூற்றுக்கு 20 என்னும் எல்லையில் ஒலியெழுமாறு குறித்துவைப்பர். படுக்கைக்குப் போகுமுன் ஒருமுறையும், விடிந்ததும் ஒருமுறையும் அவ்வெண்ணைப் பார்த்து, இடையே எத்தனை அம்பியர்மணி சென்றதெனக் குறித்துக்கொண்டால், அடுத்த இரவுக்கு வேண்டியது எவ்வளவென்பது அவர்தம் குடிலின் சொந்தக் கணக்காகவே கையிற் கிடைக்கும். மின்னாக்கியை எத்தனை மணிக்கு மூட்டுவதென்று பகலிலேயே முடிவு செய்துவிட்டு, அந்திக்கு முன் தூண்டிலை இறக்கலாம்.